‘இல்லை’ வேறு, ‘கிடைக்கவில்லை’ வேறு

அலுவலகத்தில் அந்த அம்மாவுக்கு ஈரக்கால் என்று பெயர். ஓடையிலிருந்து நேராகத் தன் மேசைக்கு வந்துவிடுவார். மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டாலும் உள்ளே காலுறை எப்படியோ நனைந்திருக்கும். அப்போதுதான் துடைத்த தரையில் அவருடைய காலடிகள் மாடிப்படி வரை போகும். துடைக்கிற பெண் முதலில் திட்டினாள், பிறகு கெஞ்சினாள், கடைசியில் பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆறுகளிலும் ஓடைகளிலும் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் அலுவலகம் அது. விலங்கியல் படித்துவிட்டு அவர் அங்கே சேர்ந்தபோது உறவுக்காரர்கள், “மீன் பிடிக்கிற வேலையா?” என்றார்கள். பிடித்து, அளந்து, திரும்ப விடுகிற வேலை என்று விளக்கினார். “திரும்ப விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?” என்றார்கள். அதன் பிறகு யாருக்கும் விளக்குவதை விட்டுவிட்டார். தலைமுடி நரைத்துவிட்ட இந்த வயதிலும், கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், “ஆமா, மீன்தான் பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொள்வார்.

முன்மாதிரி ஊழியர் என்று அவரைச் சொல்ல முடியாது. அறிக்கைகளைத் தாமதமாகக் கொடுப்பார். கூட்டங்களில் பேச்சு நீண்டால் முகத்தைச் சுளிப்பார். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை அவரிடம் இல்லை. நல்ல குணம் என்று ஒன்றைத் தேடி எடுப்பதானால், ஒரு சொல்லைப் பற்றி அவருக்கு இருந்த பிடிவாதத்தைச் சொல்லலாம். அதையும் குணம் என்பதா நோய் என்பதா என்பது கேட்கிறவரைப் பொறுத்தது.

அந்தச் சொல் ‘இல்லை’.

ஒரு நாள் முழுக்க ஓடையில் நின்று தேடிவிட்டு, ‘விலாங்கு கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுப்பார். மேலே போகும்போது பிரிவு அதிகாரி அதைச் சுருக்கி ‘விலாங்கு இல்லை’ என்று மாற்றிவிடுவார். அவர் மாடிப்படி ஏறிப் போய்ச் சண்டை பிடிப்பார். அந்த இளைஞருக்கு இவருடைய மகன் வயதுதான் இருக்கும். பொறுமையான ஆள்.

“மேடம், ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படி சார் ஒண்ணு? கிடைக்கலங்கறது என்னைப் பத்தின செய்தி. இல்லைங்கறது மீனைப் பத்தின செய்தி.”

“படிக்கிறவங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை மேடம்.”

“பாத்தீங்களா, இதுக்கும் இல்லை!”

வீட்டிலும் இதே கதைதான். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு, எந்தக் கம்பி எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலாலேயே சொல்லிவிடக் கூடிய மனிதர். சமையலறை அலமாரியைத் திறந்தால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது.

“கத்தரிக்கோல் இல்லையே.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன். இல்லை.”

இவர் எழுந்து போய், டப்பாவை ஒரு விரலால் நகர்த்தி, கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் வைப்பார். “பாக்கலன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இல்லைன்னு சொல்லாதீங்க.” கணவர் கத்தரிக்கோலோடு நகர்ந்துவிடுவார். கல்யாணம் ஆன காலத்திலிருந்து கேட்கிற வசனம்.

அவருடைய எரிச்சலில் நியாயம் உண்டு. நம் மொழியில் இதைவிட மலிவான சொல் கிடையாது. வீட்டில் ஆள் இல்லை, பையில் சில்லறை இல்லை, கடவுள் இல்லை, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். தேடிச் சொன்ன இல்லையும், தேடாமல் சொன்ன இல்லையும், தேடப் பிடிக்காமல் சொன்ன இல்லையும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. ஆனால் நியாயமான எரிச்சலோடு பல வருடங்கள் வாழ்கிறவர்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தக் குற்றம் மற்றவர்களுடையது மட்டுமே என்று அவர்கள் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. ஒரு பக்கம் துணி காயும் கொடிகள், இன்னொரு பக்கம் பணிமனையின் எண்ணெய்க் கறை படிந்த சுவர். அந்த ஓடையைக் கான்கிரீட் குழாய்க்குள் அடக்கி மேலே சாலை போட நகராட்சி முடிவு செய்திருந்தது. குழாய்கள் வந்து கரையில் வரிசையாகக் கிடந்தன. வேலை தொடங்கத் தடையாக இருந்தது ஒரே ஒரு விதி. பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் விலாங்கு இருக்கிறது. அந்த ஓடையில் முன்பு விலாங்கு பார்த்ததாகப் பதிவு உண்டு. ஆகவே மூன்று வழிகளில் தேட வேண்டும். மூன்றிலும் அகப்படாவிட்டால் வேலையைத் தொடங்கலாம். மூன்றில் ஒன்றின் முடிவு கெட்டுப்போனால், அடுத்த பருவத்தில் அதை மறுபடி செய்த பிறகுதான் தொடங்கலாம்.

தேடும் வேலை ஈரக்காலிடம் வந்தது.

முதல் வழி கூண்டு. வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் வலைக்கூண்டுகளைக் கரையோரம் போட்டுவிட்டு மறுநாள் எடுத்துப் பார்ப்பது. அதில் சில கெண்டைகளும், நிறைய நண்டுகளும், ஒற்றைச் செருப்பும் வந்தன. இரண்டாவது மின்சாரம். முதுகில் பேட்டரி, கையில் உலோக வளையம் வைத்த கம்பு. தண்ணீரில் கொஞ்சம் மின்சாரம் விட்டால் அருகிலுள்ள மீன்கள் ஒரு கணம் மயங்கி மேலே வரும். வலையால் அள்ளி, வாளியில் போட்டு, அளந்துவிட்டு விட்டுவிடலாம். கற்களுக்கடியில் சுருண்டு கிடக்கும் விலாங்குகூட அதற்கு வெளியே வரும் என்பார்கள். அடியில் சேறு ஆழமாக இருந்தால் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஓடையில் சேறு முழங்காலுக்கு மேல் இருந்தது.

அவர் கம்போடு நடந்துகொண்டிருந்தபோது மேலே ஒரு கொல்லைக் கதவு திறந்தது.

“அண்ணி! இன்னுமா தேடறீங்க?”

கணவரின் தங்கை. அந்தத் தெருவில்தான் குடியிருந்தாள். பெரிய மழை வந்தால் ஓடை அவள் வீட்டுக்குள் வந்துவிடும். சென்ற மழையில் பீரோவின் அடித்தட்டு ஊறி, கதவு இன்றுவரை சரியாக மூடவில்லை.

“இன்னும் முடியல.”

“எங்க வீட்டுக்கு மழை நாள்ல வாங்க. கட்டிலுக்கு அடியிலயே எல்லா மீனும் பாக்கலாம். பேட்டரிகூட வேண்டாம்.”

“வேலை நேரத்துல பேச்சு குடுக்காத. நான் தண்ணிக்குள்ள கரண்ட் வச்சிட்டு நிக்கறேன்.”

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க விலாங்கு முக்கியமா, என் பீரோ முக்கியமா?”

அவர் கம்பைத் தூக்கிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது அவருடைய வேலை அல்ல. அவருடைய வேலை அதற்கு முந்தைய கேள்வி: விலாங்கு இருக்கிறதா?

மின்சாரத்திலும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது மூன்றாவது வழி, தண்ணீர். மீன் வாழும் நீரில் அதன் சளியும் கழிவும் தோல் துகளும் கலந்துகொண்டே இருக்கும். அந்த நீரைப் பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பினால், கண்ணில் படாத மீனின் மரபணுத் தடத்தையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் நம்பியது இதைத்தான். கூடவே ஒரு பாட்டிலில் கடையில் வாங்கிய சுத்த நீரை ஓடைக்கரையில் ஊற்றி மூடி, மற்றவற்றோடு வைப்பார்கள். அலுவலகத்தில் அதற்குச் சாட்சி பாட்டில் என்று பெயர். அதில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், அது ஓடையிலிருந்து வரவில்லை, நம் கையிலிருந்தோ சாமானிலிருந்தோ வந்தது என்று பொருள்.

லேபிலிருந்து முடிவு வந்தது. எல்லாப் பாட்டிலிலும் விலாங்கு. சாட்சி பாட்டிலிலும் விலாங்கு. கடையில் வாங்கி, கரையில் சீல் உடைத்த நீரில் விலாங்கு நீந்தியிருந்தது.

அவர் நேராக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். அலுவலக ஜீப்பை ஓட்டுகிறவருக்கு ஹாரன் என்று பெயர், காலி ரோட்டிலும் அடித்துக்கொண்டே போவதால். ஹாரன் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, அந்த ஐஸ் பெட்டியில என்ன வச்சே?”

“ஐஸ்தான் அக்கா.”

“ஐஸுக்கு முன்னாடி?”

ஹாரன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “மாமியார் வந்திருந்தாங்க அக்கா.”

“உன் மாமியாரையா வச்சே?”

“அவங்களுக்கு மீன்னா உயிரு. முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டுல மலிவாக் கிடைச்சுது. வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேரு. பெட்டி சும்மாத்தானே இருக்குன்னு...”

“என்ன மீனு?”

ஹாரன் சக்கரத்தைப் பார்த்தார்.

“வாயைத் தொறந்து சொல்லு. என்ன மீனு?”

“விலாங்கு.”

ஈரக்கால் ஜீப்பின் மீது சாய்ந்துகொண்டார். ஊரில் எத்தனை மீன் இருக்கிறது! இந்த ஆளின் மாமியாருக்கு வேறொன்றும் தொண்டையில் இறங்காதா?

“நான் கழுவினேன் அக்கா. சோப்பு போட்டு. நீங்ககூடக் கேட்டீங்களே, ‘பெட்டி சுத்தமா’ன்னு. சுத்தம்னு சொன்னேன். நீங்க சரின்னீங்க.”

கேட்டது உண்மை. சரி என்றதும் உண்மை. மூடியைத் திறந்து பார்த்திருந்தால், விளிம்பு ரப்பரின் மடிப்பில் காய்ந்திருந்த சளி கண்ணில் பட்டிருக்கும். இப்போது திறந்தபோது பட்டது. ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் ‘பாத்தீங்களா, பாத்தீங்களா’ என்று கேட்டவர், அன்றைக்குப் பார்க்கவில்லை. ஹாரனைத் திட்டுவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்த சொற்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஹாரன் ஆள் கெட்டிக்காரர்தான். சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் ஒரு யோசனையோடு வந்தார்.

“அக்கா, இப்ப அந்த ஓடையில விலாங்கு இருக்குன்னு சொன்னா குழாய் வராது. அதானே?”

“அதான்.”

“மார்க்கெட்டுல உசுரோட விக்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு வாங்கி ராவோட ராவா விட்டுட்டா? பெட்டி விஷயமும் வெளிய வராது. அப்புறம் நீங்க எழுதறது பொய் இல்லையே. அது அங்கதானே இருக்கும்?”

யோசனை அவ்வளவு முட்டாள்தனமானது அல்ல. ஒரு கூற்று உண்மையாவதற்கு உலகம் அதன்படி இருந்தால் போதும் என்றால், ஹாரன் சொன்னது சரி. உலகத்தைக் கூற்றுக்கேற்ப மாற்றிவிட்டுப் பிறகு அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வதைத் தப்பென்று நமக்கு எது சொல்கிறது என்பதைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். ஈரக்கால் புத்தகம் எழுதவில்லை. “வாயை மூடிட்டு வண்டியைக் கழுவு. பெட்டியைத் தொடாத” என்றார்.

அதிகாரியின் அறையில் ஹாரனின் தர்க்கம் தலைகீழாக நின்றது.

“மேடம், அமைதியா யோசிப்போம். சாட்சி பாட்டில்ல வந்த விலாங்கு யாரோடது? டிரைவரோடது. அப்போ மத்த பாட்டில்ல வந்ததும் டிரைவரோடது. அதைக் கழிச்சிட்டா மிச்சம் என்ன?”

“என்ன?”

“ஒண்ணுமில்லை. அப்போ மூணு வழியிலும் இல்லைன்னுதானே ஆகுது?”

“சார், உங்க சட்டையில மையைக் கொட்டிட்டு, மையைக் கழிச்சிட்டா சட்டையில முன்னாடி கறையே இல்லைன்னு சொல்ல முடியுமா? அடியில என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

அதிகாரி ஜன்னலை மூடினார். வெளியே யாரோ நின்றிருந்தார்கள். “நான் உங்க பக்கத்துல இருந்துதான் பேசறேன். கெட்டுப்போச்சுன்னு எழுதினா, ஏன் கெட்டுச்சுன்னும் எழுதணும். நகராட்சிக் கூட்டத்துல வாசிப்பாங்க. ஆபீஸ் ஐஸ் பெட்டியில மாமியாருக்கு மீனு! ஊரே சிரிக்கும். டிரைவர் வேலை என்னாகும்? அந்தத் தெருக்காரங்க தினமும் எனக்கு போன் பண்றாங்க. அவங்க வீட்டுல தண்ணி வர்றதும் உண்மைதானே?”

“உண்மைதான்.”

“உங்க நாத்தனாரே பண்ணினாங்க.”

“அவ பண்ணுவா.”

“அப்புறம் என்ன மேடம்?”

ஓடைமீது அவருக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. நாற்றம் பிடித்த ஓடை. குழாய் வந்தால் நாத்தனாரின் பீரோ பிழைக்கும், குடும்பத்தில் நிம்மதி வரும். ஆனால் குழாய் ஒரு முறை போட்டுவிட்டால் அது நிரந்தரம். அதற்குப் பிறகு யாரும் போய்த் தேட முடியாது. யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக்கி, அதன்மீது கான்கிரீட்டை ஊற்றி மூடுவதற்குத் தன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள்.

“தெரியாதுன்னு எழுதறேன் சார். ஏன் தெரியாதுன்னும் எழுதறேன். பெட்டிக்குப் பொறுப்பு நான். டிரைவர் பேரு வராது.”

“உங்க பேரு வருமே?”

“வரட்டும். தொறந்து பாக்காதது நான்தானே.”

கூட்டம் நகராட்சியின் மேல்மாடியில் நடந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தெருக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் நாத்தனார். ஈரக்கால் எழுந்து வாசித்தார். கூண்டில் கிடைக்கவில்லை. மின்சாரத்தில் கிடைக்கவில்லை, சேறு ஆழம் என்பதால் அந்த முடிவை முழுதாக நம்ப முடியாது. மூன்றாவது வழியின் முடிவு செல்லாது. மாதிரிகளை வைத்த ஐஸ் பெட்டியில் முந்தைய நாள் சமையலுக்கு வாங்கிய விலாங்கு வைக்கப்பட்டிருந்தது. பெட்டியைத் திறந்து சோதிக்காதது தன்னுடைய தவறு.

முதலில் ஒருவர் சிரித்தார். அடுத்து வரிசை முழுவதும். “குழம்பு நல்லா இருந்துச்சா மேடம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதிகாரி மேசைமீது இருந்த தண்ணீர் டம்ளரைக் கூர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நகராட்சிப் பொறியாளர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “சரி, அதை விடுங்க. நேராக் கேக்கறேன். ஓடையில விலாங்கு இருக்கா, இல்லையா?”

“தெரியாது சார்.”

“இவ்வளவு வருஷம் ஆத்துலயும் ஓடையிலயும் நின்னவங்க. ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்க.”

“குத்துமதிப்புக்கு நான் எதுக்கு சார்? நீங்களே சொல்லிக்கலாமே.”

“நீங்களே விலாங்கு மாதிரி நழுவறீங்களே மேடம்!”

மறுபடி சிரிப்பு. இந்த முறை நாத்தனாரும் சிரித்தாள். அது அவருக்கு எங்கே குத்தியது என்பதை முகம் காட்டவில்லை. காகிதத்தை மடித்தார். “நழுவணும்னா இல்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் சார். அதுதான் சுலபம்.”

பொறியாளர் விதியைப் புரட்டினார். வேறு வழி இருக்கிறதா என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். இருக்கவில்லை. மூன்றாவது வழியை அடுத்த பருவத்தில் மறுபடி செய்ய வேண்டும் என்றும், அதுவரை குழாய் வேலை நிற்கும் என்றும், மழைக்கு முன் பாலத்தடியில் அடைத்துக் கிடக்கும் குப்பையையும் சேற்றையும் வாரி, தண்ணீர் வீடுகளுக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவானது. குப்பை வாரும் யோசனையை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. குழாய் வரப்போகிறதே என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் அதிகாரி சொன்னார், “அடுத்த பருவத்துக்குப் புதுப் பெட்டி வாங்கிடலாம் மேடம். பூட்டு வச்சது.” அவர் சிரிக்காமல் சொன்னார். ஈரக்காலும் சிரிக்காமல் தலையாட்டினார்.

நாத்தனார் பல நாள் பேசவில்லை. கணவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு, லிஃப்ட் குழிக்குள்ளேயே நிம்மதி என்று வேலைக்குச் சீக்கிரம் கிளம்பிப் போனார். முதல் மழை பெய்தது. ஓடை அவள் வீட்டு வாசற்படி வரை வந்து, அங்கேயே நின்று, இறங்கிப் போனது. மறுநாள் காலையில் போன் வந்தது.

“அண்ணி, என் பீரோமேல சத்தியமாக் கேக்கறேன். அது அங்க இருக்குமா?”

“தெரியலடி.”

“எனக்காவது சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“ஐயோ, ரகசியம் இல்லடி இது! எனக்கே தெரியல. தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம். இந்த ஊருல ஒருத்தருக்காவது அது புரியாதா?”

மறுமுனையில் பீரோக் கதவை அழுத்தி மூடும் சத்தம் கேட்டது.

“சரி. எப்ப மறுபடி வந்து பாப்பீங்க?”

“தண்ணி சூடாகற மாசத்துல.”

“வந்து பாத்துத் தொலைங்க. இந்தத் தடவை பெட்டியை முதல்ல என் வீட்டுக்குக் கொண்டு வாங்க. நான் தொறந்து பாத்துச் சொல்றேன்.”

“நீயா பாப்பே?”

“நான்தான் பாக்கணும். உங்க வீட்டு ஆளுங்க யாரும் பாக்க மாட்டீங்க.”

ஈரக்கால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.